மாமாவின் ஆபீஸ், ரிச்சி தெரு

மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி, மவுண்ட் ரோடின் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் வந்துவிட்டால் ரிச்சி தெருவுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம். கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைக் கைக்குழந்தை போல் அணைத்துக்கொண்டு, முகத்தில் கவலையுடன் ஒருவர் போய்க்கொண்டிருப்பார். அவர் பின்னாலேயே போனால் போதும். டாக்டர் வீட்டுக்கு வழி காட்ட நோயாளியைவிடச் சிறந்த ஆள் உண்டா?

தெருவுக்குள் நுழைந்ததும் நம்மைச் சுற்றி நாலு பேர். "என்ன ஸார் வேணும்? லேப்டாப்பா? சிசிடிவியா? டிஸ்ப்ளே மாத்தணுமா?" ஒன்றும் வேண்டாம், சும்மா பார்க்க வந்தேன் என்றால் நம்ப மாட்டார்கள். சும்மா பார்க்க மெரினா இருக்கிறது. விறைப்பாக நடந்தபடி ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லிவிட வேண்டும். "செவன் எயிட் நாட் ஃபைவ்" என்றேன். (மாமா சொல்லிக்கொடுத்த மந்திரம்.) மரியாதையாக வழி விட்டார்கள். 7805 என்பது வோல்டேஜை ஐந்தில் பிடித்து நிறுத்தும் மூன்று கால் சமாசாரம் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். நான் பி.காம். எனக்கு ஷாக் அடித்தால்தான் கரண்ட் இருப்பது தெரியும்.

மாமா என்று நான் சொல்வது என் அக்கா வீட்டுக்காரரை. பி.ஈ. எலெக்ட்ரானிக்ஸ். வயது 45. யு.பி.எஸ். செய்யும் ஒரு கம்பெனியில் 12 வருஷம் டிசைன் பிரிவில் இருந்தார். 2014ல் அந்தக் கம்பெனியை மூடினார்கள். மூன்று மாதச் சம்பள பாக்கிக்குப் பதிலாக ஒரு பழைய ஆஸிலோஸ்கோப்பை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். அன்று முதல் சொந்தத் தொழில். 'ஃப்ரீலான்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர்' என்று விஸிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு வந்தார். அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, "ஃப்ரீங்கறது மட்டும் நல்லாப் புரியுது" என்றாள்.

என்னை அனுப்பியதும் அக்காதான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி மாமாவுக்கு வேலை தருகிறேன் என்று ஆர்டர் அனுப்பியிருக்கிறது. மாதம் 58,000. பி.எஃப்., மெடிக்கல் இன்ஷூரன்ஸ், வீட்டு வாசலுக்கு கம்பெனி பஸ். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மாமா அந்தக் காகிதத்தைப் பத்து நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார்.

"நீதானேடா அவருக்கு ஐ.டி. ரிட்டர்ன் போடறே. கணக்கை எடுத்துக் காட்டு. நீ சொன்னா கேப்பாரு" என்றாள் அக்கா. பொண்ணு ஒன்பதாவது போகிறாள். வீட்டு வாடகை ஏறியிருக்கிறது. அவள் சொல்வதில் தப்பே கிடையாது.

மாமாவைப் பிடிக்க வேண்டுமானால் சனிக்கிழமை காலை அவர் ஆபீஸுக்குத்தான் வர வேண்டும். வீட்டில் மேஜை, நாற்காலி, பற்றவைக்கும் சாதனம் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஆபீஸ் என்று அவர் வாயில் வருவது ரிச்சி தெருதான்.

சிந்தாதிரிப்பேட்டை பழைய ஊர். 1734ல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் கொண்டுவந்து குடிவைத்து உண்டாக்கிய பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பது வாய்க்கு வாய் உருண்டு இப்படி ஆயிற்று என்பார்கள். வீட்டிலேயே தறி, துணியை வாங்கிக்கொள்ளக் கம்பெனி. இதை மாமாவிடம் சொன்னேன். "அப்ப 1734லயே இது ஃப்ரீலான்ஸ் ஏரியாதான் மாப்ளே. பேமென்ட் லேட்டாத்தான் வந்திருக்கும்" என்றார்.

ரிச்சி தெரு என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாயபு தெரு என்று அக்கம்பக்கத்தையும் சேர்த்துத்தான் கணக்கு. நடுவில் வரிசையாக மோட்டார் பைக்குகள். அவற்றுக்கு நடுவில் கைவண்டி. கைவண்டி மேல் அட்டைப் பெட்டி, அட்டைப் பெட்டி மேல் ஒரு பையன். முன்வரிசைக் கடைகள் காலத்துக்கு ஏற்ப வேஷம் மாறும். ரேடியோ போய் டேப் ரெக்கார்டர், அது போய் டி.வி., அது போய் கம்ப்யூட்டர், இப்போது செல்போனும் வேவு பார்க்கும் காமிராவும். அது வேடிக்கை பார்ப்பவர்களுக்கு. மாமா ஒரு மாடிப்படிக்கு அடியில் குனிந்து நுழைந்தார். உள்ளே, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியில்தான் மூச்சுவிட வேண்டும் என்ற அளவில் ஒரு கடை. தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன டிராயர்கள். நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, திப்பிலி இருக்குமே, அந்த மாதிரி.

"பி.ஸி. 547 பத்து. 1என் 4007 அஞ்சு. டென் கே கால் வாட் இருபது. த்ரீ ஒன் செவன் ஒண்ணு."

கவுன்ட்டர் பையன் எழுதிக்கொள்ளவில்லை. ஓட்டலில் சர்வர் ஆர்டர் எடுப்பது போல் கேட்டுவிட்டு, டிராயர் டிராயராகக் கையை விட்டு எடுத்தான். டிராயர் மேல் பெயர் கிடையாது. ஒவ்வொன்றையும் குட்டி பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கவர் மேல் பேனாவால் கிறுக்கினான். ரெசிஸ்டர் என்பது வயிற்றில் கலர் கோடு போட்ட அரிசி. பிரௌன், கறுப்பு, ஆரஞ்சு என்றால் ஒன்று, பூஜ்யம், பக்கத்தில் மூன்று பூஜ்யம். ஆக 10,000 ஓம். ஓரத்தில் தங்கக் கோடு இருந்தால் ஐந்து சதவிகிதம் முன்னேபின்னே இருக்கலாம் என்று அர்த்தம். தன் தவறின் அளவைத் தானே உடம்பில் எழுதிக்கொண்டு வரும் ஒரே ஜீவன்!

இதில் நான் கவனித்தது அந்த 'த்ரீ ஒன் செவன் ஒண்ணு.' ஒன்று! ஒரே ஒன்று! கம்பெனிக்காரர்கள் ரெசிஸ்டர் வாங்கினால் 5,000 உள்ள சுருளாக வாங்குவார்கள், சினிமா ரீல் மாதிரி. புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் ஒற்றை ஆளுக்கு 5,000 எதற்கு? ஒன்று போதும், கருகிவிட்டால் இன்னொன்று. இப்போது ஆன்லைனிலும் ஒன்றிரண்டு தருகிறார்கள்தான். ஆனால் பத்து ரூபாய் சாமானுக்கு அறுபது ரூபாய் கூரியர், அதுவும் நாளைக்கு. மாமாவுக்குச் சந்தேகம் வருவது இன்றைக்கு. தவிர, ஆன்லைன் கடை "அண்ணே, இந்த லாட்டு சரியில்லே, நம்பரை அழிச்சு வேற நம்பர் அடிச்சிருக்கான், வேணாம்" என்று காதோடு சொல்லாது. பையன் சொன்னான். இரண்டு பேருக்கும் பத்து வருஷப் பழக்கம்.

அடுத்து எட்டுக் கால் பூச்சி மாதிரி ஒன்றைக் கேட்டார். 555. விலை ஒரு சிங்கிள் டீக்குக் கீழே. "இது யார் பண்ணது தெரியுமா மாப்ளே? என் ஜாதி" என்றார். நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். "ஃப்ரீலான்ஸ் ஜாதி!"

அந்தக் கதை நன்றாக இருந்தது. ஹான்ஸ் காமென்சிந்த் என்று ஸ்விட்சர்லாந்தில் பிறந்த எஞ்சினியர். அமெரிக்காவில் சிக்னெடிக்ஸ் கம்பெனியில் இருந்தார். 1970ல் வேலையை விட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்தார். பிறகு அதே கம்பெனியிடம் ஒப்பந்தத்துக்கு ஒரு வேலை எடுத்துக்கொண்டு 1971ல் இந்த டைமர் சிப்பை வடிவமைத்தார். முதல் டிசைனில் ஒன்பது கால் தேவைப்பட்டது. ஒன்பது கால் பெட்டி கிடையாது. 14 கால் பெட்டிக்குப் போக வேண்டும், விலை ஏறும். மறுபடி யோசித்து, ஒரு சர்க்யூட்டைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் சாதா ரெசிஸ்டரைப் போட, ஒரு கால் மிச்சம். எட்டுக் காலுடன் 1972ல் கடைக்கு வந்தது. ஐம்பது வருஷத்துக்கும் மேல் ஆகியும் இன்னும் செய்கிறார்கள், விற்கிறார்கள். மனிதர் 2012ல் காலமானார். இடையில் எலெக்ட்ரானிக்ஸ் சரித்திரத்தைக் கதை மாதிரி ஒரு புத்தகமாகவும் எழுதினாராம்.

"அவருக்கு ராயல்டி எவ்வளவு வந்துது மாமா?" என்றேன். பி.காம். புத்தி.

மாமா பதில் சொல்லவில்லை. "டீ சாப்பிடலாமா?" என்றார்.

டீக்கடைக்குப் போகும் வழியில் மூன்று கல்லூரிப் பையன்கள் மாமாவை மறித்தார்கள். ஃபைனல் இயர். முகத்தில் பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர்களின் களை. "அண்ணா, ப்ராஜெக்ட் வைவா வியாழக்கிழமை..." இந்தத் தெருவில் இது ஒரு பெரிய தொழில். கண் தெரியாதவர்களுக்கு உணரும் கைத்தடி, மண்ணின் ஈரம் பார்த்து மோட்டார் போடும் கருவி, கையைத் தட்டினால் எரியும் விளக்கு என்று ரெடிமேட் சட்டை மாதிரி வாங்கிக்கொள்ளலாம். மாமாவும் முதல் இரண்டு வருஷம் இதில்தான் வீட்டு வாடகை கொடுத்தார். பிறகு நிறுத்திவிட்டார். "காசு வாங்கிண்டு செஞ்சு குடுத்தா, அந்தப் பையன் அஞ்சு வருஷம் கழிச்சு என்கிட்டயே மேனேஜரா வருவான்" என்பது அவர் சொல்லும் காரணம். இன்றைக்கு அந்த மூவரையும் பக்கத்துப் படிக்கட்டில் உட்காரவைத்து, பேப்பரில் படம் போட்டு, எங்கே தப்பு என்று இருபது நிமிஷம் விளக்கினார். ஃபீஸ் கிடையாது. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆடிட்டருக்கு இருபது நிமிஷம் என்ன விலை தெரியுமா?

அது முடிந்ததும் ஒரு ஹார்டுவேர் கடைக்குள் போய்க் குழாய்க்குப் போடும் நைலான் வாஷர் ஒரு டஜன் கேட்டார்.

"வீட்ல குழாய் ஒழுகுதா மாமா?"

"ரேடியோவுக்கு மாப்ளே."

நான் கடைக்காரரைப் பார்த்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். மாமா ஒரு ஹாம். மத்திய சர்க்கார் நடத்தும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டு மொட்டைமாடியில் கம்பி கட்டி, உலகத்தில் எங்கோ இருக்கிற முன்பின் தெரியாத ஒருவரிடம் "நான் பேசுவது கேட்கிறதா?" என்று விசாரிக்கும் கூட்டம். கேட்கிறது என்று பதில் வந்தால் பரம திருப்தி. இதில் பணம் சம்பாதிக்கக் கூடாது என்பது விதி. ஆமாம், சட்டப்படியே கூடாது! இப்படி ஒரு பொழுதுபோக்கு இருப்பது தெரிந்த அன்று எனக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது.

ஹாம் ரேடியோ செட் வெளிநாட்டிலிருந்து வாங்கினால் விலை எகிறும். ஹைதராபாத்தில் அஷர் ஃபர்ஹான் என்று ஒரு ஹாம், 2003 வாக்கில், நம்மூர்க் கடைகளில் கிடைக்கிற சாமான்களை வைத்தே செய்யக்கூடிய ஒரு செட்டை வடிவமைத்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். பிட்எக்ஸ் என்று பெயர். காயில் சுற்ற விசேஷமான வளையங்கள் வேண்டும். அவை இங்கே கிடைப்பது கஷ்டம். அவர் என்ன செய்தார்? குழாய் வாஷரில் கம்பியைச் சுற்றினார். வேலை செய்தது. உலகமெங்கும் அதைப் பார்த்து ஹாம்கள் செட் செய்தார்கள். குழாய்க் கடைக்கும் வானொலிக்கும் முடிச்சுப் போட நம் ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. மாமா தன் முதல் செட்டை அதைப் பார்த்துத்தான் கட்டினார். இப்போது வாங்கும் வாஷர், பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் செட் கட்ட.

டீ வந்தது. நான் பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தேன்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. 2021-22ல செலவு போக நாலு லட்சத்துப் பத்தாயிரம். அடுத்த வருஷம் ஏழு அறுபது. அதுக்கடுத்தது அஞ்சு இருபது. சராசரி போட்டா மாசம் 47,000 வருது. அவங்க தர்றது 58,000. மேல பி.எஃப்."

"21-22 சிப் கிடைக்காத வருஷம்" என்றார்.

அது உண்மை. 2021ல் உலகம் முழுக்க சிப் பஞ்சம். 150 ரூபாய் மைக்ரோகன்ட்ரோலருக்குப் பல மடங்கு விலை கேட்டார்கள், கொடுத்தாலும் கிடைக்கவில்லை. பெரிய கம்பெனிகளே கார்களைப் பாதி கட்டி நிறுத்தியிருந்த சமயம். மாமா ஒரு கோழிப்பண்ணைக்கு இன்குபேட்டர் கன்ட்ரோலர் 40 செய்து தருவதாக விலையை முன்னாலேயே பேசிவிட்டார். பேசின விலைக்கே கொடுத்தார். அந்த நஷ்டத்தை நான் நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அந்தப் பண்ணைக்காரர் அதற்குப் பிறகு வேறு ஆளிடம் போகவில்லை என்பதை எழுத நோட்டில் காலம் கிடையாது.

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். தலைப்பு: 'பொழுதுபோக்கு.' இது நான் அக்காவுக்காகப் பிரத்தியேகமாகத் தயாரித்த பட்டியல். மூன்று வருஷத்தில் 61,000 ரூபாய். இதில் பெரிய ஐட்டம், கடிகாரம்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முள் கிடையாது, நம்பர் கிடையாது. ஒரு கறுப்புப் பலகையில் 12க்கு 12 கட்டமாக 144 தமிழ் எழுத்துக்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குட்டி விளக்கு. மணி ஆறே கால் ஆனால் 'ஆறே கால்' என்ற எழுத்துக்கள் மட்டும் எரியும். இங்கிலீஷில் இது ரொம்பச் சுலபம். 'நைன்' என்றால் எப்போதும் 'நைன்'தான்; முன்னால் கால், அரை சேர்த்தால் போதும். தமிழில் ஒன்பது, ஒன்பதே கால், ஒன்பதரை என்று கடைசி எழுத்து காலை வாரிவிடும். 'து'வுக்கு ஒரு கட்டம், 'தே'வுக்கு ஒரு கட்டம், வெறும் 'த'வுக்கு ஒரு கட்டம். 12 மணிக்கும் இப்படி. நான்கா, நாலா? ஐந்தா, அஞ்சா? இதற்காக ரிடையர்டு தமிழாசிரியரான என் அப்பாவுடன் மாமா இரண்டு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டார். கடைசியில் 'நான்கே கால் என்று எவன்டா பேசறான்' என்று அப்பாவே இறங்கி வந்தார். கால் மணிக்குக் கீழே அந்தக் கடிகாரம் காட்டாது. "நம்மூர்ல அதுக்குக் கீழே டைமே கிடையாது மாப்ளே" என்று விளக்கம்.

எல்லாம் நன்றாக முடிந்து ஹாலில் மாட்டினார்கள். சாயங்காலம் விளக்கேற்றி வைத்துவிட்டு அக்கா நிமிர்ந்தாள். சுவரில் தகதகவென்று 'ஏழரை.'

அன்றிலிருந்து காலை ஏழே காலுக்கும் சாயங்காலம் ஏழே காலுக்கும் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறாள். சனி பகவான் ஏற்கெனவே கார்டு அடித்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறார், சுவரில் வேறு எழுதிவைக்க வேண்டுமா என்கிறாள்.

மாமா பட்டியலை வாங்கிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பேனாவை வாங்கி, பக்கத்தில் அம்புக்குறி போட ஆரம்பித்தார். கடிகாரத்தில் எட்டு எட்டு விளக்காகப் பிரித்து, மூன்றே கம்பியில் அத்தனையையும் ஆட்டிவைக்க 18 சிப். அந்த வித்தையை அவர் கற்றுக்கொண்டது கடிகாரத்துக்காக, ராத்திரி ராத்திரி உட்கார்ந்து. எட்டு மாதம் கழித்து ஒரு கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் டோக்கன் நம்பர் காட்டும் போர்டு கேட்டார்கள். அதே சிப், அதே வித்தை. மூன்று நாளில் மாதிரியைக் கொண்டுபோய் வைத்தார். ஆர்டர் ஆறு போர்டு. பிறகு அவர்களின் மற்ற கிளைகளுக்கு 14.

அடுத்து, 'ஸ்ருதிப் பெட்டி: 3,200 ரூபாய்.' பொண்ணு பாட்டு கிளாஸ் போகிறாள். டீச்சர் வீட்டில் எலெக்ட்ரானிக் ஸ்ருதிப் பெட்டி. எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் மாமாவுக்குத் தூக்கம் வரவில்லை. சொந்தமாக ஒன்று கட்டினார். அந்தப் பெட்டியின் பூர்வீகமே இவர் மாதிரி ஆள்தான். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் எஞ்சினியராக இருந்த ஜி. ராஜ் நாராயண், புல்லாங்குழல் கலைஞர். 1970களின் கடைசியில் எலெக்ட்ரானிக்ஸில் ஸ்ருதி போடும் பெட்டியைச் செய்தார். பிறகு தம்புரா, தபலா என்று அவருடைய ராடெல் கம்பெனி வளர்ந்து, இன்றைக்குக் கச்சேரி மேடை வரை வந்துவிட்டது. மாமாவின் பெட்டி மேடை ஏறவில்லை. கத்துவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது. ஆனால் சத்தத்தைச் சிப்பில் சேமித்துத் திருப்பிச் சொல்லவைக்கும் வழி அதில் கைவந்தது. அம்புக்குறி நேராகப் போய் முட்டியது ஏழு லட்சத்து அறுபதாயிரம் வந்த வருஷத்தில்: லிஃப்ட்டில் 'மூன்றாவது தளம்' என்று தமிழில் அறிவிக்கும் பெட்டி. 110 பெட்டி. (அந்தக் குரல் அக்காவுடையது. அவளுக்கே சம்பளம் கொடுக்கவில்லை.)

மூன்று வருஷத்தில் மாமாவுக்குப் பணம் வந்த ஒன்பது வேலைகளில் ஐந்துக்கு என் 'பொழுதுபோக்கு' பக்கத்திலிருந்து அம்புக்குறி போயிருந்தது. காமர்ஸில் இதற்குப் பெயர் உண்டு. பெரிய கம்பெனிகள் செய்தால் ஆராய்ச்சி மற்றும் அபிவிருத்தி. மாமா செய்தால் பொழுதுபோக்கு. நான்தான் அந்தத் தலைப்பு போட்டவன், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கணக்குப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டு வீட்டு வாடகை தர முடியாதே. அடுத்த ஆராய்ச்சி எந்த வருஷம் அபிவிருத்தியாகும் என்று சொல்ல முடியாதே.

ஆகவே கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "மாமா, வேலைக்குப் போனா இதெல்லாம் விடணும்னு யார் சொன்னா? சுஜாதா என்ன பண்ணினார்? பெங்களூர் பெல்லுல எஞ்சினியர். பகல்ல வோட்டிங் மெஷின், ராத்திரி கதை. ரெண்டையும் நடத்தலையா?"

மாமா டீ கிளாஸை வைத்தார். "நடத்தினார். ஆனா அவர் எழுதின கதை எங்களோடதுன்னு பெல் சொல்லலையே மாப்ளே."

சட்டைப் பையிலிருந்து அந்த ஆர்டரை எடுத்து எட்டாவது பக்கத்தைப் பிரித்தார். பத்து நாளாக மடித்து மடித்து அந்தப் பக்கம் மட்டும் வெற்றிலை மாதிரி வதங்கியிருந்தது. படித்தேன். சாரம் இதுதான்: வேலையில் இருக்கும் காலத்தில், ஆபீஸ் நேரத்திலோ வெளியிலோ, கம்பெனி சாமான்களை உபயோகித்தோ உபயோகிக்காமலோ, ஊழியர் கண்டுபிடிக்கும், வடிவமைக்கும், உருவாக்கும் எதுவும் கம்பெனிக்கே சொந்தம். வெளி வேலை எதுவும், சம்பளம் உண்டோ இல்லையோ, எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது.

சம்பளம் உண்டோ இல்லையோ! படிக்கட்டில் உட்கார்ந்து பையன்களுக்குப் படம் போட்டாரே, அதுவும் இதில் வரும். கடிகாரம் வரும். நாய் பதில் சொன்ன பெட்டி வரும்.

பி.காம். இரண்டாம் வருஷம் மெர்க்கன்டைல் லா படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1872ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 27வது பிரிவு: ஒருவன் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. நானும் அதைத்தான் ஜம்பமாகச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது பெரும்பாலும் வேலையை விட்டுப் போன பிறகு கைகொடுக்கும் பிரிவு. வேலையில் இருக்கிற காலத்துக்கான கட்டுப்பாடுகளைக் கோர்ட்டுகள் பொதுவாக ஒத்துக்கொள்கின்றன. 1967லேயே சுப்ரீம் கோர்ட் அப்படிச் சொல்லியிருக்கிறது. ஆகவே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் நடக்காது. ஆபீஸ் போகும் நண்பர்களே, உங்கள் ஆர்டரிலும் ஒரு எட்டாவது பக்கம் இருக்கும். சம்பளம் போட்டிருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இன்றைக்கு ராத்திரி எடுத்துப் பாருங்கள்.

"வேலைக்குப் போறதுல எனக்கு ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல" என்றார் மாமா. "பஸ் வரும், ஏறி உக்காந்துக்கலாம். உங்கக்கா ராத்திரி தூங்குவா. அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனா ஒண்ணரை வருஷம் கழிச்சு இந்தக் கம்பெனியும் மூடினா? போன தடவை வெளிய வரப்ப எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தலைக்குள்ள இருந்துது, கூடவே வந்துடுச்சு. இந்தத் தடவை அதையும் பூட்டி சாவிய வாங்கிப்பாங்களே."

என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது டீ சொன்னேன்.

அந்த டீக்கடை பெஞ்சிலேயே இரண்டு பேரும் பதில் எழுதினோம். இங்கிலீஷ் என்னுடையது, விஷயம் அவருடையது. 'எட்டாவது பக்கத்தில் 'எதுவும்' என்ற இடத்தில் 'கம்பெனியின் தொழில் சம்பந்தப்பட்ட எதுவும்' என்று மாற்றித் தர வேண்டும். ஹாம் ரேடியோவுக்கும் சொந்த நேரத்தில் சொந்தச் செலவில் செய்யும் மற்றவற்றுக்கும் இப்போதே எழுத்தில் அனுமதி வேண்டும். பழைய மூன்று வாடிக்கையாளர்களுக்கு ரிப்பேர் மட்டும் செய்து தர அனுமதி வேண்டும். இதற்காகச் சம்பளத்தில் 5,000 குறைத்துக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை.' அந்தக் கடைசி வரி வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். பேரம் பேசும்போது நாமே முதலில் இறங்கலாமா? மாமா கேட்கவில்லை. போனிலேயே தட்டி அங்கிருந்தே அனுப்பிவிட்டார்.

பிறகு அவர் பாட்டுக்கு எழுந்து, விட்டுப்போன சாமான் ஒன்று இருக்கிறது என்று மறுபடி மாடிப்படிக்கு அடியில் நுழைந்தார். மொத்த பர்ச்சேஸ் 386 ரூபாய். பில் கேட்டு வாங்கினேன். எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று மட்டும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து பதில் வந்தது. லீகல் டிபார்ட்மென்டுக்கு அனுப்பியிருக்கிறார்களாம், பத்து நாள் ஆகுமாம். முடியாது என்று சொல்லவில்லை. அக்காவுக்கு போன் போட்டு, எட்டாவது பக்கத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் அப்படிக் கேட்பது அபூர்வம்.

"அப்ப அந்த லிஃப்ட்டுப் பெட்டி மாதிரி இனிமே ஏதாவது செஞ்சா, என் குரலும் அவங்களுக்கா?"

"ஆமாக்கா. அப்படியே கையெழுத்துப் போட்டா அப்படித்தான்."

"அதெல்லாம் முடியாது. மாத்திக் குடுத்தா போகட்டும். இல்லாட்டி பாத்துக்கலாம்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "அந்த ஏழரைக் கடிகாரத்தை மட்டும் அவங்க கேட்டா குடுத்துடச் சொல்லு" என்றாள்.